பரிவட்டம் கட்டின காது

பாராட்டில்ல சார், அது திட்டு. "ஒனக்குப் பொன்னாடை போர்த்த"ன்னு அந்தப் பூக்காரம்மா சொன்னதும் நீங்க கையெடுத்துக் கும்பிட்டு நன்றிம்மான்னீங்க பாருங்க, அப்பவே ஓடிவந்து சொல்லியிருப்பேன், கையில ஒயர் இருந்துச்சு. மத்த ஊர்ல நாசமாப் போன்னு சொல்றதுக்கு எங்க ஊர்ல அதான் வார்த்தை. நீங்க அதுகிட்ட என்ன கேட்டீங்க? பூ என்ன வெலைன்னு மட்டும் கேட்டிருக்க மாட்டீங்களே, பொண்ணு என்ன படிக்குது, பாஸாயிருச்சான்னு கேட்டிருப்பீங்க. ஆங், அதான். உக்காருங்க. ஓய்வு பெறப்போற டீச்சரம்மா இன்னும் வரல, நாற்காலியே பாதிதான் எறங்கியிருக்கு, நான் இந்த ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டே சொல்றேன். போன மட்டும் பையில போட்டுருங்க. பதிவு பண்ணாமக் கேட்டா இன்னும் நல்லாக் கேக்கும்.

நான் மைக்செட் போடுறவன் சார். பகல்ல ஒயர் தூக்கிக்கிட்டு சாயங்காலம் நைட் ஸ்கூல்ல படிச்சவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பாராட்டு விழான்னு இந்த நெடுங்கொன்றையில எந்த மேடையில யாரப் பத்தி எவன் என்ன பொய் சொன்னாலும் எங்க பெட்டி வழியாத்தான் அது வெளிய வரணும். அதனால புகழ்ச்சின்னா எனக்குப் பெரிய மரியாதையெல்லாம் கெடையாது. ஆம்ப்ளிஃபயர் மேல கைய வச்சுப் பாத்தாத் தெரியும், பொய்யும் நெசமும் ஒரே சூடுதான்.

அப்படி இருக்கையிலதான் சபாஷுன்னு ஒண்ணு போன்ல வந்துச்சு. எங்க ஊர்ல அத ஆப்புன்னு சொன்னாங்க, அது ஒண்ணத்தான் சரியாச் சொன்னாங்க. அதுல ஒங்களுக்கு என்னென்ன தெறமை இருக்குன்னு நீங்களே எழுதி வைக்கணும், தெரிஞ்சவங்க வந்து அதுக்குக் கீழ சபாஷ் போடணும். அந்தத் தெறமைய அவங்க கண்ணால பாத்திருக்கணும்னு இல்ல, காதால கேட்டிருக்கணும்னு இல்ல, கட்டை வெரலு இருந்தாப் போதும். மனைத் தரகர் தவமணி, தலைமைப் பண்புன்னு எழுதினாரு. அவரு பின்னால அவரு வீட்டு நாய்கூட வராது. ஆனா அவரு மச்சினன் அதுக்கு ஒரு சபாஷ் போட்டான். போட்ட நிமிசம், பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக் கடையில வாழைக்கா பஜ்ஜியச் சட்டினில முக்கிக்கிட்டிருந்த தவமணி தோள் மேல, செவப்புத் துணியில சரிகைக் கரை போட்ட ஒரு பொன்னாடை, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம, மேலருந்து பொத்துன்னு விழுந்துச்சு. அவரு மேல பாக்கல. யாருமே மேல பாக்கல. பஜ்ஜிக் கடைக்காரரு மட்டும், "அண்ணே, துணி சட்டினில படுது, தூக்கிக்கங்க"ன்னாரு. தவமணி கவரப் பிரிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு இன்னொரு பஜ்ஜி கேட்டாரு.

அதுலருந்து ஆரம்பிச்சுருச்சு. ஒரு சபாஷ் போட்டா ஒரு பொன்னாடை, பத்துப் பேரு போட்டா பத்துப் பொன்னாடை, எங்க இருந்தாலும் விழும், கக்கூஸ்ல இருந்தாலும் விழும். எதுக்கு விழுது, யாரு போடுறான்னு எங்க ஊர்ல ஒருத்தனும் கேக்கல சார், எனக்கு ஏன் ஒண்ணு கொறையுதுன்னு மட்டும்தான் கேட்டான். கல்யாண வீட்டுச் செய்முறை மாதிரியே ஆயிப்போச்சு. நான் ஒனக்கு ரெண்டு தெறமைக்குப் போட்டேன், நீ எனக்கு ஒண்ணுக்குத்தான் போட்டேன்னு அண்ணந்தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை நின்னுச்சு, சம்பந்திங்க மொறைச்சுக்கிட்டாங்க. சாக்கடை ஒடைஞ்ச அன்னைக்கு வீட்டுக்குள்ள போயி ஒளிஞ்ச வார்டு உறுப்பினருக்கு நெருக்கடியில நிதானம்னு போட்டாங்க. கூடப்பொறந்தவங்க அத்தனை பேரோடயும் கோர்ட்டுல நிக்கிற ஆளுக்குக் குழுவாகப் பணியாற்றுதல்னு போட்டாங்க. எனக்கே ஒருநாள் மேடைப் பேச்சுன்னு ஒண்ணு விழுந்துச்சு. இத்தனை வருசத்துல மேடையில நான் பேசினது ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. அவ்ளோதான். எங்க வீட்டுக்காரி செவந்தி அந்தத் துணியத் தடவிப் பாத்துட்டு, "இது எதுக்குங்க ஆகும்?"னு கேட்டுச்சு.

அதான் விசயமே. எதுக்கும் ஆகாது. தண்ணி உறிஞ்சாது, தொடைச்சா ஈரம் அப்படியே இருக்கும், போத்துனாக் குளுரும், கைப்புள்ளைக்குப் போட்டா அரிக்கும், மாட்டுக்குப் போட்டா மாடு மூஞ்சியத் திருப்பிக்கும். இருந்தாலும் ஊரு சும்மா இருக்குமா? சன்னலுக்குத் திரை தச்சாங்க, பைக்குக்கு மூடு போட்டாங்க, கறிக்கடையில உரிச்ச ஆட்டுக்கு மேல போட்டு ஈ மொய்க்காம வச்சாங்க. எங்க செவந்தி ஆம்ப்ளிஃபயருக்குச் சட்டை தச்சுச்சு. மூணு தெருவுக்கு ஒரு வேப்பமரத்துல வேண்டாத பொன்னாடை தொங்கும், அதுலயும் யாரு மரத்துல சாஸ்தின்னு போட்டோ எடுத்துப் போடுவாங்க, அதுக்கும் விழும்.

எவ்வளவு நாளைக்குத்தான் தெறமை எழுத முடியும்? இருக்கிற தெறமை ஒரு வாரத்துல தீந்துச்சு, இல்லாத தெறமை ஒரு மாசத்துல தீந்துச்சு. அப்பறம் கஷ்டத்த எழுத ஆரம்பிச்சாங்க. மூலம் எழுதினாங்க, மாமியா சண்டை எழுதினாங்க, புருசன் கொறட்டை எழுதினாங்க. எழுதிட்டுக் கடைசியில, இதிலிருந்து நான் கற்ற பாடம்னு ஒரு வரி போட்டுட்டா மனவலிமைன்னு விழும். கண்ணீரோட போட்டோ இருந்தா ரெட்டைச் சரிகை. ஒருத்தரு அப்பாவுக்குக் கொள்ளி வச்ச கையோட சுடுகாட்டுலருந்தே எழுதிட்டாரு. பொன்னாடை எல்லாம் செதை மேல விழுந்து, நைலான் துணி சார், எரியாம உருகுது. வெட்டியான் குச்சியால தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, "ஒங்கப்பாவ எரிக்கவா, ஒன் துணிய எரிக்கவா, ஒண்ணச் சொல்லு"ன்னு கேட்டாரு.

இப்பக் கோதண்டம் கதைக்கு வர்றேன். கோதண்டம்ங்கிறது எங்க சித்தப்பா மக வாசுகியக் கட்டினவரு, எனக்கு மாப்ளே மொறை. கடைவீதியில ப்ளைவுட் கடை. நல்ல மனுசன்தான், சபாஷ் வர்ற வரைக்கும். ஒரே பொண்ணு மதிவதனி. அது பன்னெண்டாவதுல கணக்குல போயிருச்சு. ரிசல்ட் வந்த அன்னைக்கு அந்தப் புள்ள சமையக்கட்டு மேடையில கைய ஊனிக் குனிஞ்சு அழுதுக்கிட்டிருந்திருக்கு. இவரு பின்னாடி வந்து நின்னாராம். அந்தப் புள்ள, அப்பா வந்துட்டாரு, தோளத் தொடுவாருன்னு நெனச்சு அப்படியே நின்னுச்சாம். கிளிக்குன்னு சத்தம் கேட்டுச்சாம்.

என்ன எழுதுனாரு தெரியுமா? எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு, ஊரே எனக்கு அனுப்புச்சு. "என் மகள் தோற்றுவிட்டாள். நான் திட்டவில்லை. அவள் அருகில் அமர்ந்து, அவள் சொல்வதைக் கேட்டேன். கேட்பது என்பது ஒரு கலை. ஒரு தந்தையாக இதில் நான் கற்ற ஐந்து பாடங்கள்." மேல அந்தப் புள்ளையோட முதுகு. வாசுகி சொல்லுது, அவரு அஞ்சாவது பாடத்த எழுதிக்கிட்டிருக்கையில அவ அப்பா அப்பான்னு ரெண்டு தடவ கூப்பிட்டாண்ணே, இரும்மான்னு கையக் காமிச்சாருன்னு.

கேட்கும் திறன்னு அவருக்கு விழுந்துச்சு பாருங்க, ஊர்ல அதுவரைக்கும் யாருக்கும் அப்படி விழுந்ததில்ல. தோள்ல விழல சார், தலையில. கோயில்ல பெரிய மனுசனுக்குக் கட்டுற பரிவட்டம் மாதிரி தானாவே நெத்தியச் சுத்தி, காதச் சுத்தி, ஒண்ணு மேல ஒண்ணாக் கட்டிக்கிச்சு. வெளியூர்லருந்தெல்லாம் போட்டாங்க. மறுநாளு காலையில தலை ஒரு தவலைப்பானை அளவு ஆயிருச்சு. தலையில எடம் இல்லாமக் கீழ விழுந்தத எல்லாம் கேட்டவங்களுக்கு அள்ளிக் குடுத்தாரு. கண்ணும் மூக்கும் வாயும் தெரியும், காது மட்டும் உள்ள போயிருச்சு. ஒண்ணும் கேக்காது. கேக்காததப் பத்தி அவருக்கு வருத்தமும் இல்ல, கடைக்கு வர்றவங்க அவரப் பேசச் சொல்லத்தான வந்தாங்க. பிள்ளைங்க சொல்றத எப்படிக் கேக்கணும்னு நாள் பூரா வகுப்பெடுத்தாரு.

அந்தப் புள்ள அறைக்குள்ள போயிக் கதவச் சாத்திருச்சு. மறுபரீட்சை வருது, பணம் கட்டியாச்சு, ஹால் டிக்கெட்டு வந்தாச்சு, வெளிய வர மாட்டேங்குது. வாசுகி எங்க வீட்டுக்கு வந்து, "அண்ணே, நீ வந்து கேளுண்ணே"ன்னு அழுதுச்சு. போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "ஏம்மா, ஊருல ஆயிரம் பேரு தோக்குறான், நீ என்னத்துக்கும்மா ஒளியுற"ன்னேன்.

"தோத்ததுக்கு இல்ல மாமா," அப்படின்னுச்சு. "மூஞ்சி வந்திருந்தாக்கூட வேற எங்கயாச்சும் பாத்துக்கிட்டு நடந்துருவேன். முதுகு மாமா. பரீட்சை ஹால்ல எனக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற எல்லாரும் முதுகத்தான் பாப்பாங்க. எவ பாத்துட்டாளோன்னு நான் திரும்பித் திரும்பிப் பாத்தா, காப்பியடிக்கிறேன்னு பேப்பரப் புடுங்கிருவாங்க. அப்பா அத எடுத்தாருன்னா நான் போயி எழுதுறேன். எடுக்கலன்னா இல்ல."

இவ்வளவுதான் கேட்டுச்சு. ஒரு பொத்தான அமுக்குற வேலை.

கடைக்குப் போனேன். "மாப்ளே, அந்தப் பதிவ எடுத்துருங்க"ன்னேன்.

"படம் எடுக்கணுமா மச்சான்? எடு எடு"ன்னு பொன்னாடைய இழுத்து விட்டுக்கிட்டு நேரா நின்னாரு.

"யோவ், புள்ள வெளிய வர மாட்டேங்குதுய்யா!"

"ஆமா மச்சான், வெயிலுதான். இந்த வருசம் ரொம்ப."

சரி, காது கேக்கல, கண்ணு தெரியுதுல்லன்னு அங்க கெடந்த ப்ளைவுட்டுத் துண்டுல பென்சிலால எழுதிக் காட்டினேன்: பதிவை அழி, மகள் பரீட்சை எழுதுவாள். படிச்சாரு. படிச்சுட்டுக் கண்ணு கலங்குச்சு. ஆகா, எறங்கிருச்சுடான்னு நெனச்சேன். அந்தப் பலகைய நெஞ்சுல சாத்திப் போட்டோ எடுத்து, "என் மச்சான் என்னை விமர்சித்து எழுதிய பலகை. பணிவோடு ஏற்கிறேன்"னு போட்டாரு. விமர்சனத்தை ஏற்கும் பக்குவம்னு நான் பாக்கப் பாக்கவே மேலருந்து பொத்து பொத்துன்னு விழுந்துச்சு, ரெண்டு என் மேலயும் விழுந்துச்சு. நான் ஒதறிட்டு வந்துட்டேன்.

இதுக்கு நடுவுல தவமணி ஒரு மன்றம் ஆரம்பிச்சிருந்தாரு, சபாஷ் நண்பர்கள் மன்றம்னு. அவங்க கோதண்டத்துக்கு, கேட்டலின் சிகரம்னு பட்டம் குடுக்கிறாங்களாம், இதே மண்டபத்துல, இதே மேடையில, பரீட்சைக்கு மொத நாள் சாயங்காலம். மைக்செட் நாங்கதான். மகளையும் மேடையேத்தி அப்பாவப் பத்தி நாலு வார்த்தை பேச வைக்கணும்னு தவமணி வீட்டுக்கு நடையா நடந்தாரு. கதவு தெறக்கல.

விழா அன்னைக்குக் கூட்டம்னா கூட்டம். ஒவ்வொருத்தனும் இருக்கிற பொன்னாடை எல்லாத்தையும் போத்திக்கிட்டு வந்து, மெத்தைக் கடையில சுருட்டி வச்ச மாதிரி வரிசையா உக்காந்திருந்தான். மேடையில நடுவுல கோதண்டம், பேசுறவங்க வாயசையும்போதெல்லாம் தலையாட்டிக்கிட்டு. கேட்டல்னா என்னன்னு நாலு பேரு பேசினாங்க, ஒருத்தரு பேசுறத இன்னொருத்தரு கேக்கல, அவரவரு மொறைக்கு என்ன பேசலாம்னு போனப் பாத்துக்கிட்டிருந்தாங்க. மண்டபத்துக்குப் பின்னாடி பிரியாணி அண்டாவத் தெறந்துட்டாங்க, வாசம் வருது.

அப்பத்தான் பக்கத்துப் படி வழியா அந்தப் புள்ள ஏறி வந்துச்சு. சுடிதாரு, ஒரு ஜடை, தலைய நிமித்தி. யாரும் கூட்டிட்டு வரல. கூட்டத்துக்கு ஒரு கும்புடு கெடையாது. நேரா அப்பாவுக்கு முன்னாடி போயி, எங்க எல்லாருக்கும் முதுகக் காட்டிக்கிட்டு, தரையில முட்டி போட்டு உக்காந்துச்சு. கூட்டத்துல ஒரு சலசலப்பு. மூஞ்சியப் பாத்து இல்ல சார், முதுகப் பாத்து எல்லாருக்கும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. எதுக்குப் பயந்து அறைக்குள்ள கெடந்துச்சோ, அத ஊருக்கே நேரா வச்சுட்டு உக்காந்திருச்சு. மொத்தப் போனும் மேல ஏறுச்சு.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னுச்சு. அவருக்குக் கேக்கல, சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு.

தவமணிக்கு ஒடம்பெல்லாம் துடிக்குது, மகள் பேசப் போகுதுன்னு. மைக்கப் புடுங்கிக்கிட்டு ஓடி வந்து அதும் வாய்க்கிட்ட நீட்டுனாரு. அந்தப் புள்ள திரும்பல. முதுகு அப்படியே இருக்க, தலைய மட்டும் கொஞ்சம் சாய்ச்சு, "மாமா, மைக்க அணைங்க"ன்னுச்சு. அது பேசினதுல அந்த வார்த்தை மட்டும்தான் அன்னைக்கு மைக்குல வந்துச்சு.

ப்ளக்கப் புடுங்கினேன். பொறவு அந்தப் ப்ளக்கு மேலயே உக்காந்துக்கிட்டேன். தவமணி ஹலோ, ஹலோன்னு தட்டுறாரு. "பூவலிங்கண்ணே, சவுண்டு வரலண்ணே!"

"பாக்குறேன் தம்பி, பாக்குறேன்."

"என்னண்ணே, உக்காந்துக்கிட்டே பாக்குறீங்க?"

"ஃபால்ட்டு கீழதான் இருக்கு."

அந்தப் புள்ள எந்திரிக்கல. கையால அப்பா தலையில இருந்த சுத்துல ஒரு முனையத் தொட்டுக் காமிச்சுச்சு. அவருக்கு அப்பத்தான் என்னமோ உறைச்சிருக்கும் போல. சமையக்கட்டுல பின்னால நின்னு முதுகப் படம் புடிச்சாரு, அது அழுததுலருந்து மூஞ்சிக்கு மூஞ்சி இப்பத்தான் மொதத் தடவ பாக்குறாரு. எங்களுக்கு முதுகு, அவருக்கு மூஞ்சி. அந்த மூஞ்சியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார், அவரு மூஞ்சி போன போக்கு மட்டும் தெரியும். முனையப் புடிச்சு அவிழ்க்க ஆரம்பிச்சாரு.

அவிழ்க்கிறாரு, அவிழ்க்கிறாரு, ஒண்ணு அவிழ்ந்தா அதுக்குள்ள ஒண்ணு, அதோட முனை எங்கயோ முடிஞ்சு கெடக்கு, அதத் தேடிப் புடிச்சா இன்னொண்ணு, மேடை பூராத் துணி, தவமணி முட்டி வரைக்கும் துணி. மொதல்ல எல்லாரும் படம் புடிச்சாங்க. ஒரு மனுசன் துணி அவிழ்க்கிறத எவ்வளவு நேரந்தான் புடிப்பாங்க? சத்தமும் இல்ல. பிரியாணி வாசம் வேற. பந்தி போட்டாச்சுன்னு ஒரு குரல் கேட்டுச்சு பாருங்க, கேட்டலின் சிகரத்தப் பாராட்ட வந்த கூட்டம் அத்தனையும் கேட்ட ஒரே குரல் அதுதான், மொத்தமா எந்திரிச்சுப் போயிருச்சு. தவமணிகூட லெக் பீஸு தீந்துரும்னு போயிட்டாரு.

கடைசித் துணி விழுந்தப்ப அந்தக் காது தெரிஞ்சுச்சு. ரொம்ப நேரம் தண்ணில ஊறின வெரல் மாதிரி வெளுத்துச் சுருங்கி, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. அந்தப் புள்ள கிட்டப் போயி, கையக் குவிச்சு வச்சு, காதுல சொல்லுச்சு. பொறுமையாச் சொல்லுச்சு. நடுவுல அவரு வாயத் தெறந்தாரு, தெறந்துட்டு மூடிக்கிட்டாரு. அவரு வாய மூடி நான் பாத்தது அன்னைக்குத்தான். முடிச்சதும் போன எடுத்து, அது கையிலயே குடுத்தாரு. அது வாங்கல. நீங்களே அமுக்குங்கங்கிற மாதிரி பாத்துச்சு. அமுக்கினாரு.

மேடையில இருந்த துணி எல்லாம் போயிருச்சு சார். பிளாஸ்டிக் கவர் மட்டும் கெடந்து காத்துல ஓடுச்சு. மேடையில மட்டுமில்ல, அவரு குடுத்து எவனெவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தானோ அதெல்லாமும் போயிருச்சு. பாதித் தெருவுல சன்னல் திரை எல்லாம் கோதண்டம் குடுத்தது. அன்னைக்கு ராத்திரி வெளக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்த ஒவ்வொரு வீடும் தெருவுக்குத் தெறந்து கெடந்துச்சு, உள்ள இருந்தவங்க வெக்கப்பட்டு வெளக்க அணைச்சாங்க. எழுதி எழுதி வெளிய கொட்டினப்ப வராத வெக்கம்.

திருந்திட்டாங்கன்னு நெனைக்காதீங்க. மறுநாளே, பதிவை நீக்கும் துணிவுன்னு கோதண்டத்துக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க, அடக்கம்னு போட்டாங்க. அவரு சபாஷ் கணக்கையே மூடிட்டாரு. ஆளு இல்லாம அந்தப் பொன்னாடை எல்லாம் கரண்டு கம்பத்துல தொங்குச்சு, லைன்மேன் வந்து கழியால தள்ளி விட்டாரு. இன்னைக்கும் விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு, அந்தா பாருங்க, சைக்கிள் ஸ்டாண்டுல ஒண்ணு. என்னத்துக்கு விழுந்துச்சோ.

மதிவதனி மறுநாள் போயிப் பரீட்சை எழுதுச்சு. கோதண்டம்தான் வண்டியில கூட்டிட்டுப் போனாரு, போட்டோ கெடையாது, நான் ரோட்டுல பாத்தேன். ரிசல்ட் வந்த அன்னைக்கு ஊரே அவங்க வாசலச் சுத்துது. பாஸுன்னா விடாமுயற்சின்னு போடணும், ஃபெயிலுன்னா மனவலிமைன்னு போடணும், எதுன்னு தெரியாம கட்டை வெரலு அரிக்குது. தண்ணிக் கொழாயில நாலு பொம்பளைங்க வாசுகிய வளைச்சுக்கிட்டு, என்னடி ஆச்சு, சொல்லேன்டி, சொன்னா என்னடின்னு புடுங்கியிருக்காங்க. வாசுகி கொடத்த இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, "ஒங்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்த"ன்னுட்டு வந்துருச்சு. அன்னைக்குக் கெளம்பின திட்டுதான் சார். எங்க ஊருக்கு இதுவரைக்கும் உருப்படியாக் கெடைச்சது அது ஒண்ணுதான்.

காதுல என்ன சொல்லுச்சா? எனக்கெப்படித் தெரியும்? மைக்க அணைச்சவனே நான்தான.

என்ன கேட்டீங்க? பாஸாயிருச்சான்னா? பாத்தீங்களா, நீங்களுமா சார். வெளியூருன்னு சும்மா விடுறேன். அந்தப் பைய மடியில வச்சுக்கிட்டு இருக்கீங்களே, கவர் தெரியுது, செவப்புத் துணி, சரிகைக் கரை. டீச்சரம்மாவுக்கா? அவங்களும் இந்த ஊருதான், பாத்து. போத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சுக்கங்க, அந்தம்மா பாடம் நடத்தி நீங்க ஒருநாளாச்சும் உக்காந்து கேட்டிருக்கீங்களா...

"ஏங்க! அங்க என்ன பேச்சு? மைக்கு கூவுது பாருங்க!"

செவந்திதான். ஸ்பீக்கருக்கு நேரா மைக்கக் கொண்டுபோயி வச்சிருப்பான் எவனோ, தன் சத்தத்தத் தானே கேட்டாப் போதும், அது அப்படித்தான் கத்தும். இந்தா வர்றேன்மா! அந்த ஒயர மிதிக்காம ஒதுங்கிக்கங்க சார். வர்றேன்.